சனிக்கிழமை ராத்திரி, இரண்டு டிஸ்க், ஒரு பேட்ச்

உள்ளே வாருங்கள்! செருப்பு வெளியே இருக்கட்டும், தூசிக்கு இங்கே அனுமதி கிடையாது. முகத்தில் அறையும் ஏசிக் குளிரும், காதை அடைக்கும் மின்விசிறி இரைச்சலும் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூடக் குரலை உயர்த்த வேண்டும். அந்த மூன்றாவது ரேக்கில், இடுப்பு உயரத்தில், முன்பக்கம் ஒரு வெள்ளை விளக்கு மினுக்மினுக்கென்று சிமிட்டுகிறதே, அதுதான் இன்றைய கதாநாயகன். சன் ஃபயர் வி240. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2003-இல் கொண்டுவந்த சர்வர். ஸ்பார்க் பிராசசர், சோலாரிஸ் 10 இயங்குதளம், நான்கு டிஸ்க்குக்கு இடம்.

அந்த வெள்ளை விளக்கு தானாக எரியவில்லை. கன்சோலில் உட்கார்ந்திருக்கும் அக்கா ‘செட்லொகேட்டர் ஆன்’ என்று அடித்து எரியவிட்டார். வரிசையாக ஒரே முகச்சாயலில் நிற்கும் சர்வர்களுக்கு நடுவே, இன்றைக்குக் கை வைக்க வேண்டியது எது என்பதில் துளிக் குழப்பமும் வரக்கூடாது. இந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது.

நாம் இருப்பது 2007-இன் கடைசி. சோலாரிஸ் 10-இன் 8/07 வெளியீட்டோடு வந்த பெரிய கெர்னல் பேட்ச் 120011-14 கையில் இருக்கிறது. மெஷினில் ஓடிக்கொண்டிருப்பது 118833-36. அந்த எண்ணிலிருந்து இந்த எண்ணுக்குப் போக வேண்டும், அதுவும் திங்கட்கிழமை காலை வேலைக்கு வருகிற ஒருவருக்கும் தெரியாமல். இதைவிடப் பரபரப்பான வேலை கணினித் துறையில் உண்டா என்று என்னைக் கேட்டால், கிடையாது என்றுதான் சொல்வேன்!

முதலில் உள்ளே இருக்கும் ஏற்பாட்டைப் பார்த்துவிடுவோம். முதல் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே இயங்குதளம் இருக்கிறது. ‘சோலாரிஸ் வால்யூம் மேனேஜர்’ என்ற மென்பொருள் இரண்டையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறது. பழைய ஆட்கள் இதை இன்னும் ‘டிஸ்க்சூட்’ என்றுதான் சொல்வார்கள். சோலாரிஸ் 9-இல் இயங்குதளத்தோடேயே ஐக்கியமாகிவிட்டது. ரூட்டுக்கு டி0 என்று ஒரு மிரர். அதன் அடியில் முதல் டிஸ்க்கில் (மெஷின் கணக்கில் டிஸ்க் 0) டி10, இரண்டாவதில் (டிஸ்க் 1) டி20 என்று இரண்டு சப்மிரர். டி0-வில் எதை எழுதினாலும் இரண்டு பக்கமும் பதிவாகும். நள்ளிரவில் ஒரு டிஸ்க் உயிரை விட்டாலும் சர்வர் கண்ணை மூடித் திறக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

அந்த அழகிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. டிஸ்க் செத்தால் மிரர் காப்பாற்றும். பேட்ச் சொதப்பினால் காப்பாற்றாது, ஏனென்றால் சொதப்பலையும் இரண்டு பக்கமும் அதே நொடியில், அதே நேர்த்தியோடு எழுதிவிடும். மிரருக்கு நல்லது கெட்டது தெரியாது. “டிஸ்க் மிரர்ல தானே இருக்கு, என்ன பயம்?” என்று கேட்கிற மேலாளர்களுக்கு இதை உட்காரவைத்து விளக்கியே ஆகவேண்டும். பேட்ச் போடும் இரவில் மிரர் நமக்கு உதவவேண்டுமென்றால், அதை முதலில் பிரிக்க வேண்டும். ஒரு பாதி புதிய உலகத்துக்குப் போகும். இன்னொரு பாதி பழைய உலகத்திலேயே, வைத்தது கலையாமல், தயாராக நிற்கும்.

இதோ, போன் வருகிறது. டேட்டாபேஸ் பார்ப்பவர். “டேட்டாபேஸ் இறக்கியாச்சு மேடம், பேக்கப்பும் முடிஞ்சுது. நீங்க ஆரம்பிக்கலாம்.” டேப்பில் எடுத்த பேக்கப் தனி. மிரரைப் பிரிக்கிறோம் என்பதற்காக அதை யாரும் தவிர்ப்பதில்லை. அக்கா மெஷினை இறக்கி, சிங்கிள் யூசரில் தூக்குகிறார். இப்போது உள்ளே நடமாட்டம் இல்லை, டிஸ்க்கில் எழுதுபவர்களும் இல்லை. பிரிக்க இதுதான் நேரம்.

‘மெட்டாடிடாச் டி0 டி20’.

அவ்வளவுதான்! ஒரே வரி. டி20 கழன்று தனி வால்யூமாக நிற்கிறது. /வார் பகுதிக்கும் ஸ்வாப்புக்கும் இதே வேலை. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில், ஒரே அமைதியில் பிரிப்பது முக்கியம். ரூட் ஒரு மணிக்கும் /வார் இரண்டு மணிக்கும் பிரிந்தால், எந்தப் பேட்ச் போட்டிருக்கிறது என்று /வாரில் இருக்கும் கணக்கும் ரூட்டில் நிஜமாக இருக்கும் கோப்புகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

பலர் இந்த இடத்தில் “பிரிச்சாச்சு, பேட்சைப் போடு” என்று பாய்ந்துவிடுவார்கள். அக்கா பாயவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். நீங்களும் கிட்டே வந்து அந்தத் திரையைப் பாருங்கள், இந்த இரவின் உயிர்நாடியே இங்கேதான்.

பிரித்த பாதிக்குத் தான் பிரிந்துவிட்டது என்பதே தெரியாது! எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் விஎஃப்எஸ்டேப் கோப்பை அதன் உள்ளே திறந்தால், ரூட் என்பது டி0 என்றுதான் எழுதியிருக்கும். /எட்சி/சிஸ்டம் கோப்பிலும் ரூட் டிவைஸ் ‘எம்டி’ என்றே இருக்கும். இதை இப்படியே விட்டுவிட்டுப் பேட்ச் போட்டு, அது சொதப்பி, “பரவாயில்லை, டிஸ்க் 1-இலிருந்து தூக்கலாம்” என்று தூக்கினால் என்ன ஆகும்? பூட் பிளாக் டிஸ்க் 1-இலிருந்து வரும். கெர்னல் டிஸ்க் 1-இலிருந்து ஏறும். ஏறிய கெர்னல் /எட்சி/சிஸ்டமைப் படிக்கும். “ரூட் எங்கே? டி0-வில்” என்று அங்கே ஓடும். டி0-வில் இப்போது மிச்சமிருப்பது யார்? டி10. அதாவது பேட்ச் சொதப்பிய அதே டிஸ்க் 0! பழைய கெர்னலும் புதிய லைப்ரரிகளும் ஒரே மெஷினில் கலந்து நிற்கும். நல்ல பாதியிலிருந்து தூக்கிவிட்டோம் என்று நம்பிக்கொண்டு கெட்ட பாதியிலேயே கை வைத்துக்கொண்டிருப்போம். இதைப்போல் தலைசுற்ற வைக்கும் நிலைமை வேறு இல்லை.

அதனால்தான் அக்கா டி20-ஐ எஃப்எஸ்சிகே ஓட்டிச் சரிபார்த்து, /எம்என்டி-யில் மவுன்ட் செய்கிறார். டெர்மினல் வகையை விடி100 என்று சொல்லிவிட்டு (சொல்லாவிட்டால் சீரியல் கன்சோலில் திரை கந்தலாகிவிடும்) விஐ எடிட்டரைத் திறக்கிறார். பில் ஜாய் பெர்க்லியில் எழுதிய எடிட்டர் இது. அவரே பிறகு சன் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரானார். அவர் எழுதிய எடிட்டரில், அவர் கட்டிய நிறுவனத்தின் மெஷினை ராத்திரி ஒரு மணிக்குத் திருத்துகிறோம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்!

விஎஃப்எஸ்டேப்பில் டி0 இருந்த இடத்தில் இரண்டாவது டிஸ்க்கின் நேரடி ஸ்லைஸ் பெயர், சி1டி1டி0எஸ்0. ஸ்வாப் வரியும் /வார் வரியும் அப்படியே மாறுகின்றன. அடுத்து /எட்சி/சிஸ்டம். அங்கே எம்டி ரூட் விவரம் ஆரம்பிக்கும் இடத்தில் ‘திருத்தாதே’ என்று ஒரு குறிப்பு நட்சத்திரக் குறியோடு நிற்கும். பக்கத்தில் நிற்கும் தம்பி அதைப் பார்த்துத் தயங்குகிறான்.

“அக்கா, எடிட் பண்ணக்கூடாதுன்னு போட்டிருக்கே?”

“ஓடிட்டிருக்கிற சிஸ்டம்லன்னா கூடாது, அதை மெட்டாரூட் கட்டளையே பார்த்துக்கும். இது கழட்டி வச்ச பாதி, கையாலதான் மாத்தணும். எதுக்கும் பாத்-ஐ இன்னொரு தடவை பாரு. முன்னாடி எம்என்டி இருக்கா?”

“இருக்குக்கா.”

“சரி, அந்த ரூட்டெவ் வரியைத் தூக்கு.”

கேட்டீர்களா? “முன்னாடி எம்என்டி இருக்கா?” எவ்வளவு சின்னக் கேள்வி! அந்த நான்கு எழுத்து விட்டுப்போனால், திருத்துவது ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் கோப்பை.

இனி எனக்கு மிகவும் பிடித்த கட்டம். பேட்ச் போடுவதற்கு முன்பே பழைய பாதியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஊருக்குக் கிளம்புமுன் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி. இதற்குக் கால் மணி நேரம் கூடுதலாக ஆகும் என்று பலர் தவிர்ப்பார்கள். தவிர்க்கவே கூடாது என்பது என் கட்சி. சோதித்துப் பார்க்காத மாற்று வழியை நான் மாற்று வழியாகவே கணக்கில் எடுப்பதில்லை.

‘இனிட் 0’. மெஷின் இறங்குகிறது. திரையில் ஒரே ஒரு சொல்: ‘ஓகே’. ஸ்பார்க் மெஷின்களின் ஓப்பன்பூட் இது! சாதாரண பயோஸ் திரை என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே ஃபோர்த் என்ற முழு நிரல்மொழியே இருக்கிறது. சார்லஸ் மூர் உருவாக்கிய மொழி. கிட் பீக் மலையில் தொலைநோக்கியை இயக்கவும் அது பயன்பட்டிருக்கிறது. மிட்ச் பிராட்லி அதைக் கொண்டு சன் மெஷின்களுக்கு இந்த ஃபர்ம்வேரைக் கட்டினார். 1994-இல் அது ஐஇஇஇ 1275 என்ற தரநிலையாகவும் ஆனது. தம்பிக்குக் காட்டுவதற்காக அக்கா ‘2 3 + .’ என்று அடிக்கிறார். 5 என்று விடை வருகிறது! இயங்குதளமே ஏறாத மெஷின் கணக்குப் போடுகிறது! தம்பி வாயைப் பிளக்கிறான்.

‘பூட் டிஸ்க்1 -எஸ்’.

தூக்கிவிட்டது. ‘டிஎஃப் -கே’ அடித்ததும் முதல் வரியைப் பார்க்கிறோம். ரூட்டுக்கு நேரே டி0 என்று இருந்தால் எங்கோ கோட்டைவிட்டிருக்கிறோம் என்று அர்த்தம். சி1டி1டி0எஸ்0 என்று இருக்கிறது. நேரடி ஸ்லைஸ்! பழைய பாதி தன் காலில் நிற்கிறது. இனிப் பேட்சில் என்ன ஆனாலும் திரும்பி வர ஒரு வீடு இருக்கிறது.

“எதுக்கு இவ்வளவு? டிஸ்க் 1-ஐக் கையால உருவிடலாமே” என்று சிலர் கேட்பார்கள். உருவலாம், அப்படிச் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மிரர் பற்றிய விவரமெல்லாம் ‘ரெப்ளிகா’ என்ற சின்னச் சின்னத் தரவுத்தொகுப்பில் இருக்கும், ஒவ்வொன்றும் 4 எம்பி. இரண்டு டிஸ்க் மெஷினில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு வைப்பது வழக்கம். ஓடும் மெஷினில் பாதி ரெப்ளிகா இருந்தால் போதும், ஓடிக்கொண்டே இருக்கும். பாதிக்கும் கீழே போனால் பேனிக் ஆகி விழுந்துவிடும். மறுபடி எல்லோருக்குமாக எழுந்து வர வேண்டுமென்றாலோ, பாதிக்கு மேல் ஒன்றாவது வேண்டும். டிஸ்க்கை உருவினால் ஆறில் மூன்று போச்சு. சரிபாதி! போதிய ரெப்ளிகா இல்லை என்று புகார் சொல்லிவிட்டு, மெஷின் பராமரிப்பு நிலையிலேயே நின்றுவிடும். காணாமல்போன ரெப்ளிகாக்களை ‘மெட்டாடிபி -டி’ கொடுத்து நீக்கிவிட்டு மறுபடி தூக்கினால் சரியாகிவிடும். தெரிந்தவர்களுக்கு இரண்டு நிமிட வேலை, தெரியாதவர்களுக்கு விடியவிடிய வியர்வை. மென்பொருளில் பிரித்தால் ரெப்ளிகா ஆறும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சரி, மறுபடி டிஸ்க் 0-விலிருந்து சிங்கிள் யூசர். கெர்னல் பேட்சோடு மற்ற பேட்சுகளும் சேர்ந்த பேட்ச் கிளஸ்டர் ஏற்கெனவே விரித்து வைத்திருக்கிறது. ரீட்மீ கோப்பை அச்சடித்து, பென்சிலால் கோடு போட்டு அக்கா மடியில் வைத்திருக்கிறார். /வாரில் இடம் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்க்கிறார், ஏனென்றால் மாற்றப்படும் ஒவ்வொரு பழைய கோப்பும் சுருக்கி அங்கேதான் சேமிக்கப்படும். அந்தச் சேமிப்பு இருந்தால்தான் பிற்பாடு ‘பேட்ச்ஆர்எம்’ கொடுத்து ஒரு பேட்சை மட்டும் தனியாகக் கழற்ற முடியும். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ‘-டி’ போட்டுச் சேமிக்காமல் ஏற்றுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

ஸ்கிரிப்ட் ஓட ஆரம்பிக்கிறது. பேட்ச் எண்கள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. ஆறு இலக்கம், ஒரு கோடு, இரண்டு இலக்கம். 9600 பாட் சீரியல் கன்சோலில் எழுத்துகள் நம் கண்ணெதிரேயே ஊர்ந்து வருகின்றன. திடீரென்று தம்பியின் குரல்.

“அக்கா! ஃபெயில்டுன்னு வருது! ரிட்டர்ன் கோட் 8!”

“எட்டா? பயப்படாதே. அந்தப் பேக்கேஜே நம்ம மெஷின்ல இல்லன்னு அர்த்தம். ரெண்டுன்னா ஏற்கெனவே போட்டாச்சு. வேற நம்பர் வந்தா கூப்பிடு.”

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ‘ஃபெயில்டு’ என்று திரை கத்துகிறது, ஆனால் எட்டு என்ற எண்ணைத் தெரிந்தவர் நிம்மதியாக டீ குடிக்கிறார். லாக் வரிகளில் எதற்குப் பதற வேண்டும், எதற்குப் பதறக்கூடாது என்பதை ரீட்மீயே சொல்லியிருக்கும். படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய கெர்னல் பேட்சின் முறை வரும்போது ஒரு விந்தை நடக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் அடிப்படைக் கோப்புகளையே மாற்றுகிற பேட்ச் அது. பாதி மாற்றிய நிலையில் பழைய கெர்னல் புதிய லைப்ரரியைத் தொட்டால் எல்லாம் குழம்பிவிடும். அதற்காகவே 120011-14-லிருந்து ஒரு புது ஏற்பாடு: புதிய கோப்புகள் டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் ஓடும் மெஷினின் கண்ணுக்குப் பழைய கோப்புகளே தெரியும்படி மேலே லூப்பேக் மவுன்ட் போட்டு மறைத்துவிடும். ரீபூட் ஆகும் வரை மெஷின் பழைய உலகத்திலேயே வாழும். இதை யோசித்த பொறியாளர்களைத் தேடிப்போய்க் கைகுலுக்கலாம்!

ரீபூட். இந்த நிமிடங்களில் யாரும் பேசுவதில்லை, தம்பி நகத்தைக் கடிக்கிறான். பேனர் வருகிறது, மெமரி அளவு வருகிறது, ஈதர்நெட் முகவரி வருகிறது, டிரைவர்கள் ஏறுகின்றன, லாகின் வருகிறது! ‘யூநேம் -ஏ’ அடித்ததும் திரையில் ‘ஜெனரிக் 120011-14’. தம்பி கையைத் தட்டிவிட்டான். அக்கா தட்டவில்லை, ‘எஸ்விசிஎஸ் -எக்ஸ்வி’ கொடுத்து எந்தச் சர்வீஸாவது படுத்துக் கிடக்கிறதா என்று பார்க்கிறார், மெசேஜஸ் லாகை மேலிருந்து கீழே படிக்கிறார். அப்புறம்தான் போனை எடுக்கிறார். “சார், டேட்டாபேஸ் ஏத்திப் பாருங்க.”

பேட்ச் சொதப்பியிருந்தால்? டிஸ்க் 1-இலிருந்து தூக்கியிருப்பார், திங்கட்கிழமைக்குப் பழைய உலகம் அப்படியே கிடைத்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு ஒரு குழி இருக்கிறது. மறுபடி சேர்க்க ‘மெட்டாஅட்டாச்’ கொடுக்கும்போது, மிரரில் ஏற்கெனவே இருப்பது மூலம், புதிதாகச் சேருவது நகல். டி0-வில் இருப்பது கெட்ட டி10. அதோடு நல்ல டி20-ஐச் சேர்த்தால் கெட்டது நல்லதன்மேல் முழுசாக எழுதிவிடும், ஒரே கட்டளையில் இரண்டு பாதியும் காலி. அப்போது செய்ய வேண்டியது தலைகீழ் வேலை: பழைய டி0-வைக் கலைத்து, டி20-ஐ மூலமாக வைத்துப் புது டி0 கட்டி, மெட்டாரூட் கொடுத்து, ரீபூட் செய்து, கடைசியாக டி10-ஐ அதோடு சேர்க்க வேண்டும். இந்த வேலையில் திரும்பப் பெற முடியாத கட்டளை மெட்டாஅட்டாச் ஒன்றுதான். அதை மட்டும் இரண்டு பேர் படித்துப் பார்த்த பிறகே என்டர் தட்டுவது என்று சில அணிகளில் வழக்கம் வைத்திருக்கிறார்கள். அருமையான வழக்கம்.

எப்போது சேர்ப்பது என்பதில் ஆளாளுக்கு ஒரு கருத்து. உடனே சேர்த்தால் திரும்பிப்போகும் வழி அடைபடும். தள்ளிப்போட்டால் அத்தனை நாளும் சர்வர் ஒற்றை டிஸ்க்கில் நிற்கும், அது செத்தால் மிஞ்சுவது பழைய பாதி மட்டும். ஒரு வாரத்து வேலை முழுவதும் ஒரு சுற்று ஓடட்டும், வாராந்திர பேக்கப் ஒன்று முடியட்டும், பிறகு சேர்க்கலாம் என்பது என் கட்சி. காலியாக மூன்றாவது டிஸ்க் இருக்கும் மெஷினில் இந்தக் கவலையே இல்லை. மூன்றாவது நகலாக அதையும் மிரரில் சேர்த்து, அதை மட்டும் கழற்றிக்கொள்ளலாம்.

இதே வேலையை ‘லைவ் அப்கிரேட்’ கொண்டும் செய்யலாம். ஓடும் மெஷினை நிறுத்தாமலே, கழற்றிய பாதியில் பேட்சைப் போட்டுவிட்டு, ஒரே ரீபூட்டில் மாறிக்கொள்வது. அந்த ரீபூட்டை மட்டும் ‘இனிட் 6’ கொடுத்துத்தான் செய்ய வேண்டும், ‘ரீபூட்’ என்று அடித்தால் மாற்றம் நடக்காது. 2008 அக்டோபர் வெளியீட்டில் ரூட்டுக்கே இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை வந்தது. 2011-இல் வந்த சோலாரிஸ் 11-இல் பெரிய அப்டேட்டுகளுக்குக் கணினியே தன்னை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலில் மாற்றங்களைச் செய்யும். மிரரைப் பிரித்து, விஎஃப்எஸ்டேப்பைக் கையால் திருத்துகிற இரவுகள் மெல்லக் குறைந்தன. ஆனால் சோலாரிஸ் 8, 9, 10 ஓடும் பழைய ஸ்பார்க் பெட்டி எங்கே இருந்தாலும் இதே வரிசை இன்றும் செல்லும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அப்ளிகேஷன்கள் ஒரு வாரம் புகார் இல்லாமல் ஓடிவிட்டன. தம்பி ‘மெட்டாஅட்டாச் டி0 டி20’ என்று அடித்துவிட்டு, என்டர் தட்டாமல் அக்காவைப் பார்க்கிறான். அவர் வரியை வாய்விட்டுப் படிக்கிறார், தலையாட்டுகிறார். தட்டினான். ‘மெட்டாஸ்டாட்’ எண்களைக் காட்ட ஆரம்பித்தது. 2 சதவீதம், 9 சதவீதம், 31 சதவீதம். அது ஓடி முடிந்ததும் அக்கா இரண்டாவது டிஸ்க்கில் இன்ஸ்டால்பூட் ஓட்டிப் பூட் பிளாக்கைப் புதிதாக எழுதினார், பூட் வரிசையில் டிஸ்க்0-க்கு அடுத்து டிஸ்க்1 இருக்கிறதா என்று ஈப்ராம் கட்டளையில் பார்த்தார், மெட்டாஸ்டாட் வெளியீட்டை முழுசாக அச்சடித்துக் கோப்பில் சொருகினார். அடுத்த காலாண்டுப் பேட்சுக்கான டிக்கெட்டை அங்கேயே திறந்து, ‘டிஸ்க்1-இலிருந்து சோதனை பூட்’ என்பதை முதல் வரியாக எழுதினார். கன்சோலில் யார் என்ற கட்டத்தில் தம்பியின் பெயரைப் போட்டார்.